தடித்த சாய்வு செரிஃப் எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் புத்தகங்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதோடு ஆங்கிலத்துக்கான ஒரு செரிஃப், அதாவது காலடியில் சிறு பாதங்கள் உள்ள, எழுத்துருக் குடும்பத்தையும் சில ஆண்டுகளாக வரைந்துவருகிறேன். நேர், சாய்வு, தடிப்பு ஆகிய மூன்றையும் முடிக்க ஆன காலத்தைவிட, நான்காவதான தடித்த சாய்வெழுத்துக்கு, அதாவது அச்சகங்களில் 'போல்டு இட்டாலிக்' என்று வழங்குவதற்கு, அதிகக் காலம் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி அச்சகத்தாரும் ஆராய்ச்சி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில எழுத்துகளின் பெயரைச் சொல்லும் இடங்களில், வேறாகக் குறிப்பிடாவிட்டால், சிறிய எழுத்தையே கொள்ளவும்.

தடித்த எழுத்தைச் சாய்த்தால் தடித்த சாய்வெழுத்து கிடைத்துவிடாதா?

கிடைக்காது. சாய்வெழுத்து என்பது சாய்ந்து நிற்கும் நேரெழுத்து அன்று. வேறொரு கையெழுத்து மரபிலிருந்து வந்த வேறோர் எழுத்து. நேரான செரிஃப் எழுத்தில் 'ஏ'க்கு மேலே ஒரு கூரையும் கீழே ஒரு வயிறும் இருக்கும். சாய்வெழுத்தில் கூரை போய், வயிறும் அதை ஒட்டிய தண்டும் மட்டுமே மிஞ்சும். 'எஃப்' நேரெழுத்தில், எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடிக்கோட்டோடு நின்றுவிடும். சாய்வில் அதைத் தாண்டிக் கீழே இறங்கி வால் சுழிக்கும். 'என்', 'எம்' போன்றவற்றின் காலடியில் இருபுறமும் நீளும் சிறு பாதங்களைத்தான் செரிஃப் என்கிறோம். சாய்வெழுத்தில் அந்தப் பாதங்கள் மறைந்து, பேனா உள்ளே நுழைந்த கீற்றும் வெளியேறிய கீற்றுமாக ஆகிவிடுகின்றன.

இவை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தடித்த நேரெழுத்தைக் கணினியில் 14 பாகை சாய்த்துப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு 'ஓ' ஒன்றே போதும். வட்டம் வலப்பக்கம் மேல்நோக்கி இழுபடும்; மேல் வலமும் கீழ் இடமும் பருத்துப்போகும், மேல் இடமும் கீழ் வலமும் மெலிந்துபோகும். மெல்லிய எழுத்தில் இந்தக் கோணல் கண்ணுக்குத் தப்பிவிடலாம். தடித்த எழுத்தில் தப்பாது, ஏனென்றால் அங்கே கோணலாவதற்கு மை நிறைய இருக்கிறது. அச்சாணி கழன்ற சக்கரம் போல அந்த 'ஓ' வரியில் ஆடிக்கொண்டே நிற்கும்.

சாய்வும் தடிப்பும் எப்போது சேர்ந்தன?

இரண்டும் தனித்தனியே பிறந்து, நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தவை. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுடியஸ் என்ற பதிப்பாளர், ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்சு வெட்டுநரைக் கொண்டு செய்வித்த சாய்வெழுத்தில் 1501ஆம் ஆண்டு ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை ஒரு கையடக்க நூலாக வெளியிட்டார். கற்றவர்கள் வேகமாக எழுதிய கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. அதில் சிறிய எழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன, பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. அந்நாளில் ஒரு நூல் முழுவதும் சாய்வெழுத்திலேயே அச்சாகும். நேரெழுத்துக்கு நடுவே ஒரு சொல்லைப் பிரித்துக்காட்டும் துணையாக அது மாறியது பின்னர்தான்.

நம் பக்கத்துக் கதையையும் இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சானது, ஆல்டஸின் அந்த நூலுக்கு 77 ஆண்டுகளுக்குப் பிறகு.

தடித்த எழுத்து இதற்கெல்லாம் மிகவும் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவரொட்டிகளுக்காகப் பருத்த எழுத்துகள் வந்தன. அவற்றுக்குச் சாய்ந்த வடிவமும் இருந்தது. ஆனால் அவை கூவி விற்பதற்கானவை, படிப்பதற்கானவை அல்ல. உரைக்கு நடுவே ஒரு சொல்லை அழுத்திக்காட்டும் துணையெழுத்தாகத் தடித்த எழுத்து நிலைபெற்றதற்கு, லண்டன் ஃபான் தெரு எழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி 1845இல் வெளியிட்ட 'கிளாரண்டன்' என்ற தடித்த எழுத்து முக்கியமான காரணம். பிறகு 1886இல், வரி வரியாக எழுத்தை ஈயத்தில் வார்க்கும் லைனோடைப் இயந்திரம் வந்தது. அதில் பின்னர் வழங்கிய மேட்ரிக்ஸ் என்ற வார்ப்பு அச்சு ஒன்றில் இரண்டு எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு: நேருடன் சாய்வு, அல்லது நேருடன் தடிப்பு. அந்த இரண்டும் ஒரே அகலத்தில் அமைந்தாக வேண்டும் என்பதால், சாய்வெழுத்து தன் இயல்பைவிட அகன்றும் தடித்த எழுத்து தன் இயல்பைவிட ஒடுங்கியும் போயின. நான்காவதற்கு அந்தச் சோடியில் இடமே இல்லை. நான்கும் சேர்ந்ததே ஒரு குடும்பம் என்ற எண்ணத்தைப் பொதுமக்கள் மனத்தில் ஊன்றியது மேசைக்கணினியும், தடிப்புக்கும் சாய்வுக்குமான அதன் இரண்டு பொத்தான்களுமே.

வேர்டில் இரண்டு பொத்தான்களையும் அழுத்தினால் வந்துவிடுகிறதே?

எழுத்துருவில் நான்காவது கோப்பு இருந்தால் அது வரும். இல்லாவிட்டால், வேர்டு இருப்பதைச் சாய்த்து, ஓரங்களை ஊதிப் பெருக்கிப் போலியாக ஒன்றைச் செய்து கொடுக்கும்; கொடுத்ததைச் சொல்லவும் செய்யாது. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் இந்த வகையில் நேர்மையானது: வடிவம் இல்லையென்றால் இல்லை என்றே காட்டும். 'லிப்ரே பாஸ்கர்வில்' என்ற நல்ல இலவச எழுத்துரு நெடுங்காலம் நேர், சாய்வு, தடிப்பு ஆகிய மூன்றோடு மட்டுமே கிடைத்தது. அந்த நாள்களில் அதை வைத்துச் செய்யப்பட்ட கோப்புகளில் தடித்த சாய்வு தென்பட்டால், அது பெரும்பாலும் போலிதான்.

கண்டுபிடிப்பது எளிது. 'ஏ'யின் கூரை போயிருக்கிறதா, 'எஃப்' கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செரிஃப் எழுத்துருக்களில் பெரும்பாலும் இந்த இரண்டு எழுத்துகளே காட்டிக்கொடுத்துவிடும். பி.டி.எஃப். கோப்பாக இருந்தால், அதன் பண்புகள் பகுதியில் உள்ள எழுத்துருப் பட்டியலில் 'போல்டு இட்டாலிக்' என்ற தனிப் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இணையப் பக்கங்களிலும் இதே போலி நடக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாளில் 'ஃபான்ட் சிந்தெசிஸ்' என்ற பண்பை 'நன்' என்று வைத்தால் உலாவி போலி செய்வதை நிறுத்திவிடும்.

வரைவதில் அப்படி என்ன சிரமம்?

இடப்பற்றாக்குறை. சாய்வெழுத்து இயல்பிலேயே ஒடுக்கமானது. தடிப்போ அகலத்தைக் கேட்பது. ஒடுங்கிய வீட்டில் பருத்த சாமான்களை அடுக்குவது போன்ற வேலை இது. எழுத்து அமரும் கட்டத்தின் உயரத்தை 1000 அலகாகக் கொண்டால், என் வரைவில் நேரெழுத்தின் தண்டு 84 அலகு தடிப்பு. தடித்த நேரெழுத்தில் 142. அதே 142ஐச் சாய்வெழுத்தில் வைத்தபோது 'ஈ'யின் கண் ஒரு கீறலாகச் சுருங்கிவிட்டது. ஆகவே தண்டை 132க்குக் குறைத்து, எழுத்தின் அகலத்தைச் சற்றுக் கூட்டினேன். எண்ணிக்கையில் மெலிந்தது, ஆனால் சாய்வெழுத்துகள் நெருங்கி நிற்பதால் வரியில் பார்க்கும்போது இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிகின்றன. அளவுகோல் சொல்வது ஒன்று, கண் சொல்வது ஒன்று என்றால், இந்தத் தொழிலில் கண்ணையே நம்ப வேண்டும்.

அடுத்தது கிளை பிரியும் இடம். நேரெழுத்து 'என்'னில் வளைவு தண்டின் தோள்பட்டையிலிருந்து புறப்படும். சாய்வெழுத்தில் அது தண்டின் அடியிலிருந்தே புறப்பட்டு, தண்டை ஒட்டியபடி மேலேறி, பிறகுதான் விலகும். தண்டுக்கும் கிளைக்கும் இடையே அதனால் ஒரு நீண்ட, கூரிய முக்கோணம் உண்டாகும். தடிப்பு ஏற ஏற அந்த முக்கோணம் அடியிலிருந்து மூடிக்கொண்டே வரும். மலிவான நியூஸ்பிரிண்டில் மை பரவினால் முழுவதும் அடைந்துபோய், 'என்' ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். கிளை பிரியும் இடத்தில் கோட்டை மெலிதாக்கி, முக்கோணத்தை வேண்டிய அளவைவிட ஆழமாக வெட்டிவைப்பதே இதற்கு வழி. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வெட்டு அசிங்கமாகத்தான் இருக்கும். 10 புள்ளி அளவில் அச்சானபின் அது கண்ணுக்கே தெரியாது, எழுத்து மட்டும் தெளிவாகத் தெரியும்.

இடைவெளி மூன்றாவது தொல்லை. 'எஃப்'பின் தலை வலப்பக்கமும் வால் இடப்பக்கமும் தன் எல்லையைத் தாண்டி நீளும். அடுத்து ஒரு நிமிர்ந்த அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ வந்தால் தலை அதில் முட்டும். இத்தகைய சோடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இடைவெளி திருத்த வேண்டும். தொழிலில் இதைக் கெர்னிங் என்பார்கள். இதை முடித்துவிட்டேன் என்று நான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

பெரிய எழுத்துகளில் அவ்வளவு சிரமம் இல்லை. சாய்த்து, வளைவுகளைத் திருத்தினால் பெரும்பாலும் போதும்.

எங்கே பயன்படுத்த வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், ஏற்கனவே தடித்திருக்கும் வரியில், சாய்வாக இருந்தே தீர வேண்டிய சொல் வரும்போது பயன்படுத்த வேண்டும். வெறும் அழுத்தம் வேண்டும் என்பதற்காக இரண்டையும் சேர்க்கக் கூடாது. அழுத்தத்துக்குச் சாய்வோ தடிப்போ ஏதாவது ஒன்று போதும்.

இந்த வட்டாரத்தில் என்னிடம் வரும் வேலைகளில் இதற்கு மிகுதியான தேவை உயிரியல் பெயர்களால் வருகிறது. பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சாய்வெழுத்தில் வர வேண்டும். குடும்பப் பெயரும் பெயரிட்டவரின் பெயரும் நேரெழுத்திலேயே நிற்க வேண்டும். திருநெல்வேலி சென்னா என்று உலக மருந்துச் சந்தையில் ஊர்ப்பெயரோடு அறியப்படும் நிலாவாரையைப் பற்றி ஓர் ஆய்வேட்டில் இயல் தலைப்பு வருகிறது என்று கொள்வோம். தலைப்பு முழுவதும் தடித்த எழுத்து. அதில் செடியின் இன்றைய பெயரான 'சென்னா அலெக்ஸாண்ட்ரினா'வும், பழைய நூல்களில் உள்ள 'காசியா அங்குஸ்டிஃபோலியா'வும் ஆங்கில எழுத்தில் வரும்போது தடித்த சாய்வில் இருக்க வேண்டும். 'திருநெல்வேலி சென்னா' என்ற வணிகப் பெயர் தடித்த நேரெழுத்தில் இருக்க வேண்டும். ஒரே வரியில் 'சென்னா' என்ற சொல் ஓரிடத்தில் சாய்ந்தும் ஓரிடத்தில் நிமிர்ந்தும் வரும். அந்த வேறுபாடே அங்கே பொருள். கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு கையேடு தயாரிப்பவர்களுக்கும் இதே விதிதான், பறவையின் தமிழ்ப் பெயர் நேராகவும் அறிவியல் பெயர் சாய்வாகவும் வரும்.

இயற்பியல், கணித ஆய்வேடுகளில் வேறொரு காரணம் உண்டு. வெக்டர் அளவுகளைத் தடித்த சாய்வில் அச்சிட வேண்டும் என்பது, கணிதக் குறியீடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 80000-2 என்ற பன்னாட்டுத் தரத்தின் முறை. தடித்த நேரெழுத்தில் அச்சிடும் பாடநூல்களும் நிறைய உள்ளன. எந்த முறையானாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒன்றையே பின்பற்ற வேண்டும். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதுபவர்கள் இதைக் கேட்கும்போது, நெறியாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் விடை. 200 பக்கம் முடிந்தபிறகு மாற்றுவது எனக்கு வருமானம், உங்களுக்கு வேதனை.

தமிழ் எழுத்தையும் இப்படிச் சாய்க்கலாமா?

என் கருத்தில், கூடாது. தமிழ் அச்சில் சாய்வெழுத்து ஒரு தனி மரபாக வளரவில்லை. ஈய அச்சுக் காலத்தில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட எத்தனையோ மடங்கு அச்சுகள் வேண்டியிருந்தன. அவற்றுக்குச் சாய்ந்த இரட்டை ஒன்றையும் கேஸ் என்ற அச்சுப் பெட்டியில் நிரப்பி வைக்க யாருக்கும் இடமும் இல்லை, முதலும் இல்லை. நூற்பெயர்களை ஒற்றை மேற்கோள்குறிக்குள் இடுவது, அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து, மேற்கோள் பகுதிக்கு உள்ளடங்கிய ஓரம் என்று தமிழ் தன் தேவைகளுக்கு வேறு வழிகளை வைத்திருக்கிறது. அவை போதுமானவையாகவும் இருக்கின்றன.

இயந்திரத்தனமாகச் சாய்ப்பதில் தமிழுக்கு நேரும் சேதம் ஆங்கிலத்துக்கு நேர்வதைவிட அதிகம். மெய்யெழுத்தின் புள்ளியை எடுத்துக்கொள்வோம். அடிக்கோட்டிலிருந்து 800 அலகு உயரத்தில் இருக்கும் புள்ளி, 14 பாகைச் சாய்வில் சுமார் 200 அலகு வலப்பக்கம் நகர்ந்துவிடும். எழுத்தின் உடல் அவ்வளவாக நகராது, ஏனென்றால் அது அடிக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. 'பட்டம்' என்ற சொல்லில் முதல் டகரத்தின் புள்ளி இரண்டாவது டகரத்தின் மேல் ஏறிக்கொள்ளத் தொடங்கும். ஈகாரக் கொம்பின் சுழி அடுத்த எழுத்தின் தலைக்குமேல் தொங்கும். இதில் தடிப்பும் சேர்ந்தால் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் உட்சுழிகள் மூடிக்கொள்ளும்.

தமிழுக்கென்று கவனமாக வரையப்பட்ட சாய்ந்த எழுத்துருக்கள் இல்லாமல் இல்லை. 'நோட்டோ செரிஃப் தமிழ்' குடும்பத்தில் சாய்ந்த வடிவம் தடிப்பிலும் உண்டு. ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கத்தில் இரண்டும் ஒருசேரச் சாய வேண்டிய தேவை யாருக்கேனும் இருந்தால், பொத்தானை நம்பாமல் அதைப் பயன்படுத்தலாம். எனக்கு அந்தத் தேவை இதுவரை வரவில்லை.

திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரைச் சாய்த்துப் போட்டால்தானே அழகு?

வண்ணார்பேட்டையில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது, அழைப்பிதழ் கொடுக்க வந்த இளைஞர் முதலாளியிடம், "அண்ணாச்சி, பேர மட்டும் கொஞ்சம் சாச்சுப் போடுங்க, அப்பத்தான் எடுப்பா இருக்கும்லா" என்றார். அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் சாய்த்துக் கொடுத்தார். திருமணம் அவருடையது, நானும் வாயைத் திறக்கவில்லை. ஆங்கிலப் பக்கத்தில் பெயர்களுக்கு உண்மையான தடித்த சாய்வெழுத்து அழகாகவே அமையும். தமிழ்ப் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் வெற்றிடம் விட்டாலே எடுப்பாக இருக்கும்.

தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலத் தடித்த சாய்வு வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, அளவு. ஒரே புள்ளியளவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பருமனாகத் தெரிவது அரிது. நான் வழக்கமாகச் சேர்க்கும் எழுத்துருக்களில் 12 புள்ளித் தமிழுக்கு ஆங்கிலத்தை 11க்குக் குறைக்க வேண்டியிருக்கிறது; உங்கள் எழுத்துருவுக்கு அச்செடுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, குறிகள். சாய்ந்த சொல்லைச் சுற்றி வரும் அடைப்புக்குறி தமிழ் வாக்கியத்துக்குச் சொந்தமானது. அது நிமிர்ந்தே நிற்கட்டும், தேவையானால் நூலிழை அளவு இடைவெளி கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதை என் தவறிலிருந்து சொல்கிறேன். ஒரு கல்லூரி மலருக்குப் பாமினி எழுத்துருவில் பக்கம் அமைத்தேன். பனையைப் பற்றிய கட்டுரை. தலைப்பில் 'பொராசஸ்' என்ற பேரினப் பெயர் ஆங்கிலத்தில், தடித்த சாய்வில் இருந்தது. கடைசி நேரத்தில் தலைப்பின் எழுத்துரு சரியில்லை என்று மொத்தத்தையும் தெரிவு செய்து பாமினிக்கு மாற்றிவிட்டேன். பாமினியில் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் குடியிருக்கின்றன என்பதால், 'பொராசஸ்' என்பது 'டீழசயளளரள' என்று ஆகி, அப்படியே அச்சாகியும் விட்டது. தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். ஒருங்குறியில் இந்த விபத்து நேராது, ஏனென்றால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டு. பழைய கோப்புகளோடு வேலை செய்பவர்கள், ஆங்கிலச் சொற்களுக்குத் தனி எழுத்துநடை ஒன்றை முன்கூட்டியே வரையறுத்துப் பூட்டிவைப்பது நல்லது.

ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களை ஒலிபெயர்க்கும்போது குறிகள் சிதைகின்றனவே?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் அகராதி முறையில், நெடிலுக்கு எழுத்தின் மேல் ஒரு கோடும், 'ட', 'ண', 'ள' மூன்றுக்கும் கீழே ஒரு புள்ளியும், 'ழ', 'ற', 'ன' மூன்றுக்கும் கீழே ஒரு கோடும் வரும். பல எழுத்துருக்களில் இந்தக் குறிகள் நேரெழுத்தில் மட்டும் இருக்கும். தடித்த சாய்வில் இருக்காது. அப்போது மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து அந்த ஓரெழுத்தை மட்டும் கடன் வாங்கிச் சொல்லின் நடுவே செருகும். 'தொல்காப்பியம்' என்ற பெயரையும் 'திருநெல்வேலி', 'தாமிரபரணி' என்ற பெயர்களையும் நான்கு வடிவங்களிலும் அடித்துப் பார்த்த பிறகே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறியைச் சரியான இடத்தில் வைப்பதற்கும் கண் வேண்டும்: சாய்ந்த எழுத்தின் மேற்கோடு அதன் சாய்வு வழியே வலப்பக்கம் நகர வேண்டும், கீழ்ப்புள்ளி இடப்பக்கம் நகர வேண்டும். இரண்டையும் செங்குத்தாக ஒரே நேரில் வைத்தால் எழுத்து இடுப்பு ஒடிந்தது போலத் தெரியும்.

பேனருக்கு ஏற்றதா?

இல்லை. ஓடும் பேருந்திலிருந்து படிக்க வேண்டிய எதற்கும் ஏற்றதில்லை.

இலவச எழுத்துருக்களை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா?

எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது, பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் திருத்திய வடிவுக்கு வேறு பெயர் இட வேண்டும். உண்மையான தடித்த சாய்வு உள்ளவற்றில் 'இ.பி. கராமண்ட்', 'லோரா' இரண்டும் என் மேசையில் அடிக்கடி புழங்குபவை. நீண்ட உரைக்கு முன்னது, பள்ளமும் மேடுமான மலிவுத் தாளுக்குப் பின்னது.

சோதனை அச்சில் எதைப் பார்க்க வேண்டும்?

திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நூல் எந்தத் தாளில் அச்சாகப் போகிறதோ அதே தாளில், அதே புள்ளியளவில் ஒரு பக்கம் எடுக்க வேண்டும். முதலில் படிக்காமல் பார்க்க வேண்டும். அதற்குத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது நல்ல வழி. சொற்கள் மறைந்து கறுப்பும் வெளுப்பும் மட்டும் தெரியும்போது, எந்த இடத்தில் மை கட்டியிருக்கிறது என்பது உடனே புலப்படும். பிறகு நேராகத் திருப்பி, தடித்த நேரெழுத்து வரியில் சாய்ந்த சொல் மெலிந்து தெரிகிறதா, அதைத் தொடரும் குறியில் முட்டுகிறதா என்று பார்க்கலாம். சென்ற வாரம் எடுத்த தாளில் எனக்குத் தலைகீழாகத் தென்பட்ட கறுப்புப் புள்ளிகள் ஏழு, ஏழும் 'கே'. அதன் இரண்டு கைகளும் தண்டைத் தொடும் இடத்தை இப்போது மீண்டும் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.